சுழி இருக்கட்டும், முதலில் வாயைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஏற்காடு அடிவாரத்தில் இருக்கிறேன். அப்பா காலத்தில் சேலத்தில் குதிரை வண்டி ஓட்டினோம். இப்போது இரண்டு மட்டக்குதிரைகளை மேலே ஏரிப் பக்கம் சவாரிக்கு விடுகிறேன். வீட்டில் 9 வயதில் ஒரு செவலைப் பெட்டை இருக்கிறது. போன மாசியில் அது ஓர் ஆண் குட்டி போட்டது. நெற்றியும் நாலு காலும் வெள்ளை. பஞ்சகல்யாணி என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் பால் குடிக்கும்போதெல்லாம் மூக்கில் பால் வழியும். புரையேறுகிறது, போகப் போகச் சரியாகும் என்றார்கள். ஐந்தாம் நாள் இருமல் வந்தது, பதினோராம் நாள் போய்விட்டது. மாசிக் கடைசியில் அதே பொலிக்குதிரைக்கே மறுபடி சேர்த்தோம். இப்போது பெட்டை நிறைசினை. தரகர் ஒருவர், “பெட்டைக்குச் சுழி சரியில்லை, தள்ளிவிடு” என்கிறார். போன குட்டிக்கு என்னதான் ஆனது? இதற்கும் வருமா? பிறந்ததும் எதைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பது? மரபணுப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, செய்யலாமா? அப்புறம், தெரிந்தவர் ஒருவர் அந்தியூரிலிருந்து ஒரு வெள்ளைக் குட்டி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வெள்ளைக் குட்டிக்கு ஆயுசு கிடையாது என்கிறார்கள், உண்மையா?

பதில்: “புரையேறுகிறது” என்று உங்களிடம் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தான்.

வேலைக்கு வந்த புதிது. வாழப்பாடி பக்கம் ஒரு தோட்டத்தில், பிறந்து ஐந்து நாளான குட்டிக்கு இருமல் என்று கூப்பிட்டார்கள். மாடும் ஆடும் பார்த்துப் பழகிய கை, குதிரை என்றால் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல். சளி என்று நினைத்து ஊசி போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டபோதுதான், இரண்டு மூக்குத் துவாரங்களின் ஓரத்திலும் பால் காய்ந்து வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். அண்ணம் பிளந்திருக்குமோ என்று விரலை உள்ளே விட்டுத் தடவினேன். மேல்வாய் வரிவரியாக, கெட்டியாக, முழுசாக இருந்தது. “பிளவு இல்லை, பயப்படாதீர்கள்” என்று தைரியம் சொன்னேன். குட்டி பிழைக்கவில்லை. பிறகு அறுத்துப் பார்த்தபோது பிளவு இருந்தது. என் விரல் எட்டிய இடத்துக்கு அப்பால், தொண்டைப் பக்கமாக, மெல்லிய அண்ணத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு. நுரையீரலுக்குள் பால்.

குதிரைக்கு அண்ணத்தின் பின்பாதி, எலும்பில்லாத சதைத் திரை, மிக நீளம். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு ஒன்றுதான் வழி. பால் போகிற பாதையையும் காற்று போகிற பாதையையும் பிரித்து வைப்பது அந்தத் திரைதான். அதில் பிளவு இருந்தால் குடிக்கிற பாலில் ஒரு பங்கு மூக்குக்கு ஏறும், இன்னொரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சில நாளில் இருமல், அப்புறம் நுரையீரல் அழற்சி. உங்கள் குட்டியின் கதை இதோடு அப்படியே பொருந்துகிறது.

ஆனாலும் நேரில் பார்க்காத குட்டிக்கு நான் முத்திரை குத்த மாட்டேன். மூக்கில் பால் வந்தாலே அண்ணப் பிளவு என்று ஆகிவிடாது. மாதம் முடியாமல் பிறந்த குட்டி, பிறக்கும்போது மூச்சு முட்டி மூளை கொஞ்சம் மந்தமான குட்டி, செலீனியச் சத்துக் குறைவால் தசை வலுவிழந்த குட்டி, இவற்றுக்கும் விழுங்கத் தெரியாமல் பால் மூக்கில் வரும். இவற்றில் சில, மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சில நாள் பால் கொடுத்தால் தேறிவிடும். பிளவு அப்படித் தேறாது. அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் தையல் பிரிந்து போவது அதிகம். பெரிய வசதி உள்ள இடங்களிலேயே யோசித்துத்தான் இறங்குவார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல எண்டோஸ்கோப் குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்க்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குச் சேலத்திலிருந்து 50 கிலோமீட்டர்தான். இப்போது தலைவாசலிலும் கல்லூரி வந்துவிட்டது. குட்டி பிறக்கும் முன்பே இரண்டு இடத்துக்கும் போன் போட்டு, குதிரைக்குட்டிக்கு இந்தப் பரிசோதனை செய்ய முடியுமா, எந்த நாளில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பால் மூக்கில் வந்த பிறகு நம்பர் தேடக் கூடாது.

“இதற்கும் வருமா” என்று கேட்டிருக்கிறீர்கள். பிறவிக் குறை வேறு, பரம்பரைக் குறை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பல நல்ல பெட்டைகள் சந்தைக்குப் போகின்றன. பிறக்கும்போதே இருப்பதெல்லாம் பிறவிக் குறை. கருவில் உறுப்பு உருவாகும் நேரத்தில் ஏதோ தடைப்பட்டிருக்கலாம், வயிற்றுக்குள் கிடந்த கிடையில் கால் கோணியிருக்கலாம், சினையின்போது கொடுத்த மருந்தாக இருக்கலாம். பரம்பரைக் குறை தாய் தகப்பனிடமிருந்து இறங்குவது. அது பிறந்த அன்றே தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை, மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். குதிரையில் அண்ணப் பிளவுக்கு இதுதான் காரணம் என்று ஒரு மரபணுவைக் கைகாட்ட முடியாது. ஒரு குட்டிக்கு வந்ததை வைத்துப் பெட்டையைக் குற்றவாளி ஆக்க முடியாது.

உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போன சினையின் முதல் இரண்டு மூன்று மாதத்தில் பெட்டைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்? மலை மழையில் நனைகிற குதிரைகளுக்குத் தோலில் படை வரும், கடையில் கேட்டு கிரிசியோஃபுல்வின் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். சினை தொடக்கத்தில் அந்த மாத்திரை கொடுக்கப்பட்ட ஒரு பெட்டைக்கு, அண்ணமும் உதடும் பிளந்து கண்ணும் சிறுத்த குட்டி பிறந்ததாக மருத்துவப் பதிவு உண்டு. உங்கள் விஷயத்திலும் அதுதான் என்று சொல்லவில்லை. சினைக்குச் சேர்த்த நாளிலிருந்து கொடுத்த எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குதிரைக்காரர்கள் லாடம் அடித்த தேதியைச் சரியாகச் சொல்வார்கள், மருந்தின் பெயரைக் கேட்டால் “மஞ்சக் கலர் மாத்திரைங்க” என்பார்கள்.

இப்போது வரப்போகிற குட்டி. மாசிக் கடைசியில் சேர்த்தது என்றால் சராசரி 340 நாள் கணக்கில் தைக் கடைசி, மாசி முதல் வாரம். குதிரை இந்தக் கணக்கை மதிக்காது, 320 முதல் 365 நாள் வரை எதுவும் இயல்புதான். தையிலேயே தயாராக இருங்கள். பெட்டையை இந்த மாதமே, குட்டி போடப்போகிற கொட்டிலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். அந்த இடத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்பு சீம்பாலில் சேர நாலைந்து வாரம் வேண்டும். மேலே ஏற்காட்டில் ஈன விடாதீர்கள். தை மாதக் குளிர் ஒரு காரணம். இன்னொன்று, ஏதாவது ஆனால் பிறந்த குட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவையும் நள்ளிரவில் இறக்க வேண்டியிருக்கும்.

பெட்டை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். கடிகாரம் வையுங்கள். குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் காம்பைப் பிடித்துக் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்தில் பெட்டை நஞ்சுக்கொடி போட வேண்டும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 2 மணி நேரமாகியும் எழ முடியவில்லை, 3 மணி நேரமாகியும் குடிக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல் அரை மணி நேரம் தாயும் குட்டியும் ஒன்றையொன்று நக்கி முகர்ந்து பழகட்டும். அதற்குப் பிறகு கையை நன்றாகக் கழுவி, நகம் வெட்டிய விரலைக் குட்டியின் வாயில் விடுங்கள். விரலை இறுக்கிச் சப்ப வேண்டும். சப்பும்போதே விரலைத் திருப்பி மேல்வாயை முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள், செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பிளவு முன்பக்கம் இருந்தால் கையில் சிக்கும். சிக்கவில்லை என்பதால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், நான் செய்த தப்பு அதுதான். அப்படியே முகத்தை நேருக்கு நேர் பாருங்கள். மூக்கும் மேல்தாடையும் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறதா, கீழ்த்தாடை உள்வாங்கிக் கிளிமூக்குப் போல மேல்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா? பல் இல்லாவிட்டாலும் ஈறு ஈறோடு பொருந்துகிறதா என்பது விரலுக்குத் தெரியும். முன்பற்கள் முதல் ஜோடி ஒரு வாரத்தில் வரும், அப்போது இன்னொரு முறை பாருங்கள்.

கண்ணில் இரண்டு விஷயம். கருவிழிக்குள் வெள்ளையாக மூட்டம் தெரிந்தால் பிறவிக் கண்புரையாக இருக்கலாம். கீழ் இமை உள்பக்கம் மடிந்து மயிர் விழியில் உரசினால் கண்ணிலிருந்து நீர் கொட்டும், இரண்டே நாளில் விழியில் புண்ணாகிவிடும். மருத்துவர் சின்னத் தையல் போட்டு நிமிர்த்தினால் சரி. ஆனால் கண்ணுக்கு எதிரே கையை ஆட்டிப் பார்த்து, இமைக்கவில்லை, குருடு என்று அலறாதீர்கள். அந்தப் பழக்கம் குட்டிக்கு வர இரண்டு வாரம் ஆகும். டார்ச் அடித்தால் பாவை சுருங்குகிறதா என்று பாருங்கள், அது முதல் நாளிலேயே இருக்கும்.

வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய் இல்லாமல் பிறக்கிற குட்டி அபூர்வம்தான், ஆனால் பார்க்க அரை நிமிடம் போதும். துவாரம் இருந்தும் உள்ளே குடல் ஒட்டாமல் இருக்கக்கூடும். தார் போலக் கருத்த முதல் லத்தி 12 மணி நேரத்தில், மிஞ்சினால் 24 மணி நேரத்தில் வந்தாக வேண்டும். வராமல் முக்கிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அது லத்தி இறுகி அடைத்ததுதான், எனிமாவில் தீரும். எனிமா கொடுத்தும் விரலில் சாணிக் கறைகூட இல்லை, வயிறு உப்புகிறது என்றால் வண்டி எடுங்கள். தொப்புளில் சொட்டுச் சொட்டாக மூத்திரம் வந்தால் கருவில் இருந்த மூத்திரக் குழாய் மூடவில்லை. தொப்புளைச் சுற்றி விரல் நுழைகிற ஓட்டை, அதில் மெதுவான பை போலத் தொங்கல் இருந்தால் குடலிறக்கம். சிறியது பலதும் ஆறு மாதத்துக்குள் தானாக மூடும். தினமும் ஒரு முறை கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒருநாள் தள்ளினால் உள்ளே போகவில்லை, சூடாக, கெட்டியாக இருக்கிறது என்றால் குடல் மாட்டிக்கொண்டுவிட்டது. அன்று தாமதிக்கக் கூடாது.

அடுத்து, பால். குட்டி மடிக்கடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, குடிக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகப் படுக்கப் போய்விடுவார்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். குட்டியின் நெற்றியில், மூக்கு முதுகில் பால் வடிந்து பிசுபிசுவென்று காய்ந்திருந்தால் அது குடிக்கவில்லை. மடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, பால் தானாகப் பீய்ச்சி அதன் தலையில் விழுகிறது. நன்றாகக் குடிக்கிற குட்டியின் தாய்க்கு மடி தளர்ந்திருக்கும். குடிக்காத குட்டியின் தாய்க்கு மடி கல்லுப் போல இருக்கும். பஞ்சகல்யாணியா என்று பார்க்க வந்த ஊர்க்காரர்கள் யாராவது அந்த நெற்றி வெள்ளையை உற்றுப் பார்த்தார்களோ என்னவோ.

சீம்பாலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புச் சத்து வந்து சேர்ந்துவிடும். குதிரையின் நஞ்சுக்கொடி அதை விடாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. சீம்பாலில் உள்ள அந்தச் சத்தை அப்படியே உறிஞ்சும் கதவு அதன் குடலில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், 24 மணி நேரத்தில் மூடிவிடும். பிறவிக் குறையால் இறக்கிற குட்டிகளைவிடச் சீம்பால் சரியாகக் கிடைக்காமல் இறக்கிற குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், “பிறவியிலேயே நோஞ்சான்” என்று பெயர் வந்துவிடும். ஆகவே 18 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எதிர்ப்புச் சத்தைத்தான் ஐஜிஜி என்று சொல்வார்கள். 100 மில்லி ரத்தத் தெளிநீரில் 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400க்குக் கீழே என்றால் பிளாஸ்மா ஏற்ற வேண்டும். பெரிய கருவி இல்லாவிட்டாலும் குளூட்டரால்டிஹைடு என்ற மருந்தை ஒரு சொட்டு விட்டு, தெளிநீர் 10 நிமிடத்துக்குள் உறைகிறதா என்று பார்க்கும் எளிய வழியும் உண்டு. கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் கருவி யாரிடமாவது இருந்தால், முதல் சீம்பாலில் ஒரு சொட்டு அதில் வையுங்கள். 20க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். 10க்குக் கீழே என்றால் வேறு பெட்டையின் சீம்பாலைத் தேட வேண்டியதுதான்.

அதே பொலிக்குதிரைக்குச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். ஏற்கெனவே குட்டி போட்ட சில பெட்டைகளின் சீம்பாலில், குட்டியின் ரத்தச் செல்லையே உடைக்கிற எதிர்ப்புப் பொருள் இருக்கும். தகப்பன் வழியாக வந்த ரத்த வகை தாய்க்கு ஒத்துப்போகாததால் வருவது. நன்றாகப் பிறந்து நன்றாகக் குடித்த குட்டி இரண்டாம் மூன்றாம் நாள் சோர்ந்து, ஈறும் கண்ணும் மஞ்சளாகும், மூத்திரம் கருக்கும். குட்டி தாயிடம் குடிப்பதை உடனே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முதல் நாலு நாள் காலையிலும் மாலையிலும் உதட்டை மடக்கி ஈறின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.

கால்களுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பிறந்த குட்டி நீட்டல் கோணலாகத்தான் நிற்கும். பின்கால் கணு தளர்ந்து குதிகால் தரையில் படுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் இறுகிவிடும், கட்டுப் போட்டு இறுக்கினால்தான் கெடும். முன்னங்கால் முட்டி லேசாக உள்பக்கம் வளைந்திருப்பதும் வளர வளர நிமிரும். நரம்பு சுருங்கிக் கணு மடங்கி, குளம்பின் முனையிலோ கணுவின் மேலோ நடந்தால் அன்றே ஆள் வேண்டும். முதல் சில நாளில் ஊசியும், பஞ்சு வைத்துப் பிவிசி பைப்பைப் பாதியாகப் பிளந்து கட்டுகிற அணைப்பும் நன்றாக வேலை செய்யும், நாள் தள்ளினால் கேட்காது. கணுவுக்குக் கீழே பக்கவாட்டில் கோணல் இருந்தால் ஒரு மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். அங்கே எலும்பு வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடும். பட்டுப் போன்ற மயிர், புடைத்த நெற்றி, தொங்குகிற காது என்று குறைமாத அடையாளம் இருந்தால் மட்டும் குட்டியைத் துள்ள விடாதீர்கள். முட்டிக்குள் இருக்கும் சின்ன எலும்புகள் இன்னும் குருத்தாக இருக்கும், ஓடினால் நசுங்கிவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு விடலாம்.

இதயத்தில் ‘உஸ்’ என்று ஓசை கேட்பதாக மருத்துவர் சொன்னால் உடனே உடைந்து போகாதீர்கள். முதல் சில நாள் அது இயல்பாகவே கேட்கும். ஒரு வாரம் தாண்டியும் கேட்டு, குட்டியும் மற்றவற்றைப் போல ஓடாமல் மூச்சு வாங்கினால் ஸ்கேன் பார்க்க வேண்டும். குதிரையில் அதிகம் காணும் பிறவி இதயக் குறை, கீழறைகளுக்கு இடையில் உள்ள ஓட்டைதான்.

மரபணுப் பரிசோதனைக்கு வருவோம். வேண்டாம், அந்தப் பணத்தை ரத்தப் பரிசோதனைக்கும் வண்டி வாடகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைக்கானதாக இருக்கும். வேரோடு பிடுங்கிய பிடரி மயிரை அனுப்பினால் அந்த இனத்துக்கே உரிய சில நோய்களுக்குப் பார்த்துச் சொல்வார்கள். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரே ஒரு மரபணுப் பிழையைப் பற்றித்தான் பேசும். அண்ணப் பிளவுக்கு அப்படி ஒன்று கிடையாது. அரபு ரத்தம் உள்ள பெட்டையையும் அரபுப் பொலிக்குதிரையையும் சேர்க்கிறவருக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். அந்த இனத்தில் ஸ்கிட் என்ற எதிர்ப்புசக்திக் குறை உண்டு. குட்டி நன்றாகவே பிறக்கும். சீம்பாலில் வந்த பாதுகாப்பு தேய்ந்த பிறகு சளி மேல் சளி பிடித்து ஐந்து மாதத்துக்குள் போய்விடும். தாய் தகப்பன் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். ஒருவர் சுத்தமாக இருந்தால் ஒரு குட்டிக்கும் வராது. அங்கே பரிசோதனைக்குக் கொடுக்கிற பணம் வீணில்லை. தேவைப்பட்டால் ஹிசாரில் 1985இல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு உங்கள் மருத்துவர் மூலமாக எழுதிக் கேட்கலாம்.

நம் பக்கத்துக் கவலை வேறு. நாட்டியத்தில் பேர் வாங்கிய ஒரு பொலிக்குதிரை இருந்தால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அதற்கே சேர்ப்பார்கள். நாலு வருடம் கழித்து அதன் மகளையும் அதற்கே கொண்டுபோவார்கள். அமெரிக்காவில் 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற குதிரை, தசைக்கட்டுக்காகப் பரிசுகளை வாரிக் குவித்தது. அதன் வாரிசுகளை ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். கூடவே, திடீரென்று தசை நடுங்கிக் குதிரை சுருண்டு விழும் நோயும் பெருகியது. எல்லோருக்கும் பிடித்த குதிரை ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் குறை, அந்தப் பிரியத்தினாலேயே பரவும். உங்கள் பொலிக்குதிரை செவலையின் தகப்பனோ அண்ணன் தம்பியோ இல்லையே? சொந்தம் என்றால் இதோடு நிறுத்துங்கள். சொந்தம் இல்லை, குட்டியும் நன்றாகப் பிறக்கிறது என்றால் போன குட்டியை ஒரு விபத்தாகவே வைத்துக்கொள்ளலாம். மறுபடி பால் மூக்கில் வந்தால் இந்த ஜோடியை மறந்துவிடுங்கள். செவலையைச் சவாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சினைக்கு வேண்டாம்.

தரகர் சொன்ன சுழிக்கு என்னிடம் மருந்தில்லை. அது மயிர் வளர்கிற திசை, அவ்வளவுதான். சந்தையில் சுழி பார்க்க அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவார்கள், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேச இன்னும் அரை மணி. வாயைத் திறப்பது வயசுக்குப் பல் எண்ண மட்டும்தான். பெட்டையைத் தள்ளிவிடச் சொன்னவரே அதை வாங்க ஆள் வைத்திருக்கிறாரா என்றும் கொஞ்சம் விசாரியுங்கள்.

வெள்ளைக் குட்டி விஷயம். வெள்ளையாகப் பிறந்து, லத்தி போக முடியாமல் வயிறு உப்பி ஓரிரு நாளில் இறக்கும் ஒரு பரம்பரை நோய் இருப்பது உண்மை. அமெரிக்கப் பெயின்ட் வகையில் ஒருவிதத் திட்டு நிறம் உள்ள இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் வருவது அது. நுக்ரா என்கிற நம் நாட்டு வெள்ளைக் குதிரை உட்பட எல்லா வெள்ளைக் குதிரைக்கும் அதை ஒட்டவைத்துத்தான் இந்த ‘ஆயுசு இல்லை’ பேச்சு. உங்களுக்குக் காட்டுகிற குட்டி சில மாதம் தாண்டியது என்றால் அந்தப் பயம் அறவே வேண்டாம். இளஞ்சிவப்புத் தோலுக்குச் சேலத்து வெயில் ஆகாது, இமையிலும் மூக்கிலும் புண் வரும், பகலில் நிழல் வேண்டும். அதைத் தாங்குவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது குட்டியைத் தாயோடு நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை குடித்து முடிக்கும்வரை நின்று பாருங்கள். பிறகு மூக்கைத் துடைத்துத் துணியைப் பாருங்கள். பல் வரிசை, தொப்புள், கண் பாவை. ஆண் குட்டி என்றால் விதை இரண்டும் பையில் இருக்கிறதா என்று தடவுங்கள். இந்த வயதில் ஒன்று மேலே ஏறி ஒளிந்திருந்தால் இரண்டு வயதுவரை பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் பொலிக்குதிரை விலை கொடுக்காதீர்கள். ஒற்றை விதைக் குதிரையைப் பொலிக்கு விடவே கூடாது, அது பிள்ளைகளுக்கும் இறங்கக்கூடும். விற்கிறவர் தாயைக் காட்ட மறுத்தால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

செவலை ஈன்ற அன்று 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கால்நடை மருத்துவ ஊர்தியை வரச் சொல்லலாம். குட்டி எழுவது, குடிப்பது, மூக்கு, இந்த மூன்றையும் அரை அரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருங்கள். வருகிற மருத்துவருக்கு நீங்கள் வாயால் சொல்வதைவிட அது உதவும்.